தனி ஆவர்த்தனத்துக்கு எந்திரிச்சு போகாத ஆளு

டிசம்பர் பொறந்துட்டா போதும், ஆபீஸ்ல யாராவது கேட்டுடுவாங்க, "என்ன, இந்த வருஷமும் பாப்பாவ தூக்கிட்டு சபாவுக்கு கச்சேரி கேக்க போறியா"ன்னு. அந்த குழந்தை பாவம்னு கேக்குறாங்களா, பக்கத்து சீட்டுல உக்கார்றவங்க பாவம்னு கேக்குறாங்களான்னு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல. ரெண்டுலயும் கொஞ்சம் ஞாயம் இருக்குங்கறதால வாய மூடிட்டு வந்துடுவேன். இங்க எழுதறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல.

நான் ஒண்ணும் சங்கீத குடும்பம் கிடையாது. சொந்த ஊரு மானாமதுரை, வீட்ல ரேடியோவுல வர்ற சினிமா பாட்டு, கோயில்ல நாயனம், அவ்ளோதான் சங்கீதம். வேலை கெடச்சு சென்னைக்கு வந்து மயிலாப்பூர் பக்கம் ஹாஸ்டல்ல இருந்தப்ப ரூம்மேட் ஒருத்தி மார்கழி மாசம் இழுத்துட்டு போனா. பெரும்பாலான சபாவுல மத்தியான கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, உள்ள ஏசி வேற, சம்பளம் வர்றதுக்கு முந்தி மாசக் கடைசியில அத விட நல்ல பொழுதுபோக்கு எங்க கெடைக்கும் சொல்லுங்க. ராகம் தெரியாது, தாளம் தெரியாது, முன்னாடி வரிசையில மாமா ஒருத்தர் தொடையில பட்டு பட்டுன்னு தட்டுறத பாத்து நானும் தட்டுவேன், அவரு தப்பா தட்டுனா நானும் தப்பு. அப்புறம் கேட்டு கேட்டு ஒரு பிடி வந்துச்சு. நாரத கான சபாவுல மத்தியானம் ஒண்ணு கேட்டுட்டு அப்படியே டிடிகே ரோட்டுலயே நடந்து மியூசிக் அகாடமிக்கு போயி சாயந்திரம் கடைசி வரிசை டிக்கெட் கெடைக்குமான்னு நிக்கிறது, நடுவுல கேன்டீன்ல ஒரு அடை அவியல், இப்படியே அந்த ரெண்டு மூணு வாரமும் ஓடிடும். 1927ல மெட்ராஸ்ல காங்கிரஸ் மாநாடு நடந்தப்ப கூடவே ஒரு இசை மாநாடும் நடத்தி, அதுலேர்ந்து 1928ல மியூசிக் அகாடமி வந்துச்சுன்னு சொல்வாங்க, டிசம்பர்ல இவ்ளோ கச்சேரி நடக்குறதுக்கு அதுதான் ஆரம்பம். அன்னிக்கு அந்த மாநாட்ட மே மாசத்துல வச்சிருந்தா நம்ம கதி என்ன ஆகியிருக்கும்னு நான் அடிக்கடி நெனைச்சுக்குவேன்.

கல்யாணம் ஆனதுக்கு அப்புறமும் இது நிக்கல. எங்க வீட்டுக்காரருக்கு கர்நாடக சங்கீதம்னா தூக்கம், ஆனா கேன்டீன்னா முழிப்பு, அதனால கூட வந்துடுவாரு.

பாப்பா பொறந்த வருஷம்தான் மாறிப்போச்சு. டிசம்பர்ல அவளுக்கு ஏழு மாசம். எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு பாடகி, சாயந்திர கச்சேரி, அத்தை பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க, "நீ போயிட்டு வாம்மா, ரெண்டு மணி நேரத்துல குடியா முழுகிடும்". புடவை கட்டி, தலைய வாரி, பூ வச்சு, மாசக்கணக்குக்கு அப்புறம் தோள்ல பர்ப் துணி இல்லாம வெளிய போறேன். உக்காந்தேன். மொதல் அரை மணி நேரம் போன கையிலயே வச்சிருந்தேன், அப்புறம் பையில போட்டேன். மெயின் உருப்படிக்கு முன்னாடி தோடி ராகத்த ஆலாபனை, அதான் பாட்டு வரி இல்லாம ராகத்த மட்டும் இழுத்து பாடுறது, ஆரம்பிச்சாங்க, மெதுவா, கீழ ஸ்தாயியில, ஹாலே மூச்ச பிடிச்சுட்டு இருக்கு, அந்த நேரம் பாத்து பின்னாடி எங்கயோ ஒரு கைக்குழந்தை வீல்னு கத்துச்சு. அம்மாவானவங்களுக்கு தெரியும் அடுத்து என்ன ஆகும்னு. எவ வீட்டு புள்ளையோ அழுவுது, எனக்கு பால் கட்டி ரவிக்கை நனைஞ்சு போச்சு. முந்தானைய இழுத்து போத்திட்டு உக்காந்திருந்தேன், தோடி போயிட்டே இருக்கு, நெஞ்சு வலிக்குது, பாட்டும் நல்லா இருக்கு, எழுந்திரிக்கவும் மனசு வரல. தனி ஆவர்த்தனம், அதான் பாட்டு நின்னு மிருதங்கம் தனியா வாசிக்கிற கட்டம், வந்ததும் கும்பலோட கும்பலா எந்திரிச்சு ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்தேன். பாப்பா அத்தை மடியில படுத்துக்கிட்டு நல்லா தூங்கிட்டு இருந்தா, அதான் கொடுமை.

அப்புறமும் தனியா போயிருக்கேன், போயிட்டுதான் இருக்கேன். "குழந்தைய விட்டுட்டு கச்சேரிக்கா"ன்னு கேக்குற சொந்தக்காரங்க இருக்காங்க, அவங்க யாரும் எங்க வீட்டுக்காரரு கிரிக்கெட் பாக்க சேப்பாக்கம் போனப்ப அவர கேக்கல. தனியா போற கச்சேரியில எனக்கு கெடைக்கிறது சங்கீதம் மட்டும் இல்ல, ரெண்டரை மணி நேரம் என்ன யாரும் கூப்பிட மாட்டாங்க. அந்த ரெண்டரை மணி நேரத்துல ஒரு கல்யாணி ராகத்த முழுசா கேக்கலாம், நடுவுல மூத்திரம் வருதான்னு யாரையும் கேக்க வேணாம்.

பாப்பாவோட போக ஆரம்பிச்சது அவளுக்கு மூணரை வயசுல, அதுவும் பிளான் பண்ணி எல்லாம் இல்ல, அன்னிக்கு அத்தை ஊருக்கு போயிட்டாங்க, எனக்கு அந்த மத்தியான கச்சேரிய விட மனசில்ல. ஃப்ரீ கச்சேரிதான, ஆகலைன்னா எந்திரிச்சு வந்துடலாம்னு கெளம்பிட்டேன். ஓரத்து சீட்டு, கதவு பக்கம், அதுலயும் மேடைக்கு நேரா இல்லாம இடது பக்கமா. ஏன்னா சாதாரணமா நாம பாக்குறப்ப இடது பக்கம்தான் மிருதங்கக்காரர் உக்காருவாரு, வலது பக்கம் வயலின். பாடுறவங்க மூஞ்சிய அரை மணி நேரம் பாக்குறதுக்கு எந்த மூணு வயசு புள்ளைக்கும் பொறுமை கெடையாது, ஆனா மிருதங்கத்துல எப்பவும் ஏதாவது நடந்துட்டே இருக்கும். அன்னிக்கு கச்சேரி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவரு ஒரு சின்ன டப்பாவ தெறந்து, ரவைய தண்ணி விட்டு பெசைஞ்சு, மிருதங்கத்த திருப்பி வச்சு அந்த இடது பக்க தோலுல, அதுக்கு தொப்பின்னு பேரு, வட்டமா அப்பிட்டு இருந்தாரு. தொப்பியோட சத்தம் கனமா, கும்முனு வர்றதுக்காக ஒவ்வொரு கச்சேரிக்கும் அப்படி ஒட்டுவாங்க, முடிஞ்சதும் சொரண்டி எடுத்துடுவாங்க. இவ சீட்டு மேல ஏறி நின்னு பாத்துட்டு ஹாலுக்கே கேக்குற மாதிரி கேட்டா, "அம்மா, மாமா ஏன் மேளத்துக்கு உப்புமா ஊட்டுறாரு?"

முன்னாடி நாலு வரிசை திரும்பிச்சு. மிருதங்கக்காரரும் நிமிந்து பாத்து சிரிச்சாரு. அப்புறம் கல்லையும் குச்சியையும் வச்சு வலது பக்க வலந்தலையோட வாரு ஓரத்துல டொக்கு டொக்குன்னு தட்டி சுருதி சேத்தாரு, இவளுக்கு அதுவே பெரிய கச்சேரி. வர்ணம் போச்சு, ஒரு கிருதி போச்சு, பிஸ்கட் தீந்துச்சு, செருப்ப கழட்டி மாத்தி போட்டா, முன் சீட்டு பாட்டியோட ஜடையில இருந்த பூவ எண்ணுனா, மடியில படுத்தா, எந்திரிச்சா. நான் பாட்டுல பாதிய கேட்டேன்னு சொல்ல முடியாது, அவ என்ன பண்ணப்போறான்னு பாக்குறதுலயே கண்ணு காது எல்லாம் போச்சு.

அப்புறம் தனி வந்துச்சு. மெயின் உருப்படி பாடி முடிச்சுட்டு பாடகர் கைய காட்டி மிருதங்கத்துக்கு விட்டுடுவாரு, அதுதான் தனி ஆவர்த்தனம். நம்ம ரசிகப் பெருமக்களுக்கு அதுதான் பெல் அடிச்ச மாதிரி, பாதி ஹாலு எந்திரிச்சு கேன்டீனுக்கோ பாத்ரூமுக்கோ போயிடும். நானும் வருஷக்கணக்கா அந்த கூட்டத்துலதான் இருந்தேன். அன்னிக்கும் "வா பாப்பா, ஜூஸ் வாங்கித் தர்றேன்"னு கைய பிடிச்சேன். வரல. சீட்டு நுனிக்கு வந்து உக்காந்துட்டா.

கடமும் இருந்துச்சு அன்னிக்கு. மிருதங்கம் ஒரு சுத்து வாசிக்க, கடம் ஒரு சுத்து வாசிக்க, மாத்தி மாத்தி போயிட்டு, அப்புறம் குறைப்பு. குறைப்புன்னா ஒருத்தர் வாசிக்கிறத இன்னொருத்தர் பதில் வாசிப்பாரு, அந்த அளவு கொறைஞ்சுகிட்டே வரும், முழு ஆவர்த்தனம், அப்புறம் பாதி, அப்புறம் கால், கடைசியில ரெண்டே சொல்லு இங்க, ரெண்டே சொல்லு அங்க. எனக்கே அது அன்னிக்குதான் உரைச்சுது, ஏன்னா பாப்பா ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி பாத்துட்டே இருந்தா, சின்னதாக சின்னதாக அவ தலை வேகமா திரும்புது, கடைசியில திரும்ப நேரம் இல்லாம நடுவுல பாத்து கெக்கெக்கேன்னு சிரிக்க ஆரம்பிச்சுட்டா. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து மோரா, கோர்வைன்னு முடிவுக்கு வர்ற தாளக்கட்டெல்லாம் வாசிச்சு முடிக்கிறப்ப இருந்த கொஞ்ச பேரு கை தட்டுனாங்க, இவ மட்டும் நிறுத்தவே இல்ல. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்தான் இப்ப நாம கேக்குற இந்த கச்சேரி முறைய ஒழுங்குபடுத்துனாருன்னு சொல்வாங்க, வர்ணத்துல ஆரம்பிச்சு, கிருதிகள், மெயின், தனி, அப்புறம் துக்கடாங்கற சின்ன சின்ன பாட்டுன்னு. சின்ன புள்ளைங்களுக்குன்னா தனிய மொதல்லயே வச்சிருக்கலாம் மனுஷன்.

கச்சேரி முடிஞ்சதும் மேடை பக்கம் இழுத்துட்டு போனா. கடம் வாசிச்சவரு அத துணியில சுத்திட்டு இருந்தாரு. "இது எங்க ஊரு பானை"ன்னு நான் வாய் விட்டுட்டேன், அவரும் "மானாமதுரையா நீங்க, இதுவும் அங்க செஞ்சதுதான்மா"ன்னு துணிய அவிழ்த்து பாப்பா முன்னாடி வச்சாரு. எங்க ஊரு கடம் மத்த ஊரு கடத்த விட கனம், சுவரு தடிமன், விரல் வலிக்கும்பாங்க, ஆனா சத்தம் கணீர்னு உலோகம் மாதிரி இருக்கும். எங்க ஊருல கடம் செய்யுற மீனாட்சி அம்மாளுக்கு சங்கீத நாடக அகாடமி விருது குடுத்தாங்க, வாசிக்கிறவங்களுக்கு இல்ல, தட்டி தட்டி செய்யுறவங்களுக்கு. 2023ல மானாமதுரை மண்பாண்டத்துக்கு புவிசார் குறியீடும் கெடச்சுது. இதெல்லாம் நான் அவருகிட்ட பெருமையா அளந்துட்டு இருக்கேன், இவ அதுக்குள்ள வயித்துல ஒரு தட்டு, கழுத்துல ஒரு தட்டு, வேற வேற சத்தம் வருதுன்னு கண்டுபிடிச்சு உள்ள கைய விட்டு பாத்தா. அவரு ஒண்ணும் சொல்லல, "உள்ள ஒண்ணும் இல்லம்மா, காத்துதான்"னாரு.

எல்லா நாளும் இப்படி இருக்காது. அடுத்த வருஷம் ஒரு சபாவுல சாயந்திர கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி கூட்டிட்டு போனேன், பேரு வேணாம். அவ சத்தம் போடல, அழல, ஒரே ஒரு தடவ "அம்மா தண்ணி"ன்னா, அதுவும் குசுகுசுன்னுதான். பக்கத்து சீட்டு பெரியவரு திரும்பி, "இதெல்லாம் ஏன்மா கூட்டிண்டு வரேள்"னாரு. இதெல்லாம்னா எதுன்னு கேக்கல நான். இதே மனுஷன் அதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி அவரு சிநேகிதரோட அந்த ராகம் கமாஸா அரிகாம்போதியான்னு ஹாலே கேக்குற மாதிரி சண்ட போட்டுட்டு இருந்தாரு. போன்ல ரிங்டோனா விஷ்ணு சகஸ்ரநாமம் அடிச்சவங்க இருந்தாங்க, பட்டுப்புடவை விலை பேசுனவங்க இருந்தாங்க, மங்களத்துக்கு முன்னாடி டிரைவருக்கு போன் போட்டவங்க இருந்தாங்க. அவங்கள யாரும் கேக்கல. ஒண்ணு ஒத்துக்கணும், ஆலாபனை நடுவுல ஒரு குழந்தை வீல்னு கத்துனா எனக்கே எரிச்சலாதான் இருக்கும், காசு குடுத்து உக்காந்திருக்கவங்களுக்கு இருக்காதா. அதனால அந்த மாதிரி கச்சேரிக்கு இப்ப நான் தனியாதான் போறேன். ஆனா "தண்ணி"ன்னு கேட்டது குத்தம்னா அந்த கமாஸும் குத்தம்தான்.

எங்க ஊரு பக்கம் இந்த பிரச்சனையே கெடையாது. சித்திரையில ஆனந்தவல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போவோம், சாமி பொறப்பாட்டுக்கு நாயனமும் தவிலும் வாசிக்கிறப்ப தவில்காரர் காலடியிலதான் புள்ளைங்க நிக்கும். வீர அழகர் வைகையில எறங்குற நாள்ல ராத்திரி மேடை போட்டு இன்னிசை கச்சேரி நடக்கும், மணல்ல பாய விரிச்சு குடும்பம் குடும்பமா உக்காந்திருப்போம், ஒரு புள்ள தூங்கும், ஒரு புள்ள அழுவும், ஒண்ணு பலூனுக்கு பிடிவாதம் பிடிக்கும், பாடுறவரு அவரு பாட்டுக்கு பாடிட்டே இருப்பாரு. எங்க அப்பத்தா என்ன மடியில போட்டுக்கிட்டு தவில் சொல்லுக்கு முதுகுல தட்டி தூங்க வச்சது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. மைக் சவுண்டு காத கிழிக்கும், அது வேற விஷயம். சபாவுல வாய மூடிட்டு உக்காந்து கேக்குறதுலயும் ஒரு சுகம் இருக்கு, அத நான் கொறை சொல்ல மாட்டேன், அந்த அமைதிக்காகத்தான நானே காசு குடுத்து போறேன். ஆனா அது ஒண்ணுதான் கேக்குற முறைன்னா, எங்க ஊருல நாங்க அத்தன பேரும் அத்தன வருஷமும் என்னத்த கேட்டோம்?

சென்னையிலயும் புள்ளையோட போற மாதிரி எடம் தேடுனா கெடைக்குது. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவுல மாசத்தோட மொதல் ஞாயிறு காலையில மைக்கே இல்லாம கச்சேரி வைப்பாங்க, பாடுறதும் சின்ன பசங்கதான், வாக்கிங் வந்தவங்க நின்னு கேப்பாங்க, நாய் ஒண்ணு வந்து மேடை பக்கம் படுத்துக்கும். பாப்பாவுக்கு அங்க பிடிச்சதே பாடுற அக்காவுக்கு பன்னெண்டு வயசுதான் இருக்கும்ங்கறதுதான். ஊரூர் ஆல்காட் குப்பத்துல 2015ல ஆரம்பிச்ச விழாவும் அப்படித்தான், பெசன்ட் நகர் கடற்கரை ஓரம், மீனவர் குப்பத்துக்குள்ள மேடை, கர்நாடக சங்கீதமும் இருக்கும், பறையும் இருக்கும், குப்பத்து புள்ளைங்க மேடைக்கு கீழ மொத வரிசையில உக்காந்திருக்கும், எங்க பொண்ணும் அதுல ஒண்ணா போயி உக்காந்துட்டா, நான் தேடி கண்டுபிடிக்கிறதுக்குள்ள உசுரு போயிடுச்சு.

சினிமா பாட்டு கச்சேரி பத்தி கேக்காதீங்க. அதுக்கு நானும் அவரும் மட்டும்தான் போறது. 2023 செப்டம்பர்ல பனையூர்ல நடந்த கச்சேரியில டிக்கெட் வச்சிருந்தவங்களே உள்ள போக முடியாம, கூட்டத்துல புள்ளைங்கள தொலைச்சுட்டு அழுத அம்மாக்கள டிவியில பாத்ததுக்கு அப்புறம் எங்க வீட்டுக்காரரு ஒரே வார்த்தைதான் சொன்னாரு, "பத்து வயசு ஆகட்டும்". கூட்டம் மட்டும் இல்ல, சத்தமும்தான். உலக சுகாதார நிறுவனம் 2022ல சொன்ன கணக்குப்படி கச்சேரி மாதிரி எடத்துல சராசரி சத்தம் 100 டெசிபல தாண்டக்கூடாது. நாங்க போன ஒரு மைதானத்துல ஸ்பீக்கர் பக்கம் நின்னு நான் பேசுனது எனக்கே கேக்கல, பேஸ் வந்து நெஞ்செலும்புல இடிக்குது. அங்க சில பேரு கைக்குழந்தைய தோள்ல போட்டுட்டு நின்னாங்க, காதுக்கு ஒரு பஞ்சு கூட இல்லாம. புள்ளைங்களுக்குன்னு காத மூடுற இயர்மஃப் ஆன்லைன்லயே கெடைக்குது, டிக்கெட் விலையில பாக்குறப்ப அது ஒண்ணுமே இல்ல, தயவு செஞ்சு வாங்குங்க. கடைசி பாட்டுக்கு முன்னாடி கெளம்பலாம்னு பாத்தா எங்களுக்கு முன்னாடியே பாதி மைதானம் பார்க்கிங்ல நின்னுச்சு. ஆனா அந்த ராத்திரி நல்லாதான் இருந்துச்சு, காலேஜ் காலத்து பாட்டு ஒண்ணு வந்தப்ப ரெண்டு பேரும் தொண்டை கிழிய கத்துனோம், பாப்பா இருந்திருந்தா கத்தியிருக்க மாட்டோம்.

இப்ப அவளுக்கு ஆறு முடியப்போகுது. இந்த சீசனுக்கு ஏற்பாடு ஆச்சு, சாயந்திர டிக்கெட் எனக்கு மட்டும், அத்தைகிட்ட தேதியெல்லாம் சொல்லி காலண்டர்ல வட்டம் போட்டாச்சு. மத்தியான ஃப்ரீ கச்சேரி எல்லாம் நாங்க ரெண்டு பேரும், கூட தண்ணி பாட்டில், முறுக்கு, கலர் பென்சில். பேப்பர்ல யாரு பாடுறாங்கன்னு அவ கேக்குறது இல்ல, "கடம் உண்டா"ன்னுதான் கேக்குறா. கடம் இல்லைன்னா கஞ்சிரா, அதுவும் இல்லைன்னா மோர்சிங், எதுவுமே இல்லாம வெறும் மிருதங்கம்னா மூஞ்சிய தூக்கி வச்சுக்குறா.

புதுசா ஒரு பிரச்சனை என்னன்னா, மேளம் கத்துக்கணுமாம். டிபன் டப்பா, சாப்பாட்டு தட்டு, அவங்க அப்பாவோட முதுகு, எல்லாத்துலயும் தரிகிட தோம் ஓடுது. நாங்க இருக்கறது மூணாவது மாடி, கீழ் வீட்டுல பரீட்சைக்கு படிக்கிற பையன், மேல நைட் ஷிப்ட் பாக்குற அண்ணன். மிருதங்கம்னா வீட்ட காலி பண்ண சொல்லிடுவாங்கன்னு அவரு பயப்படுறாரு. கஞ்சிரா சின்னது, சத்தமும் கொறைச்சலா இருக்கும்னு ஒருத்தங்க சொன்னாங்க, முன்னாடி அத உடும்பு தோல்ல செய்வாங்களாம், இப்ப சட்டப்படி அது கூடாது, ஆட்டுத்தோல்லயும் சிந்தெடிக்லயும் வருது. ஆறு வயசு கைக்கு அது சரியா வருமா, வேளச்சேரி பக்கம் சின்ன புள்ளைங்களுக்கு பொறுமையா சொல்லித் தர்ற வாத்தியாரு யாராவது இருக்காங்களா, தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க. ஆன்லைன் கிளாஸ் வேணாம்.